லவுத்தோக்காவில் எல்லோரும் விடுப்பில்

ஃபிஜிக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அலுவலகத்தில் ஒருத்தர்கூட என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தனை பேருக்கும் வயிற்றெரிச்சல். கடற்கரையில் கால் நீட்டிப் படுத்து இளநீர் குடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அங்கே இருந்த நாட்களில் நான் கடலைப் பார்த்தது பேருந்து ஜன்னல் வழியாக மட்டும்தான். அந்த ஜன்னலிலும் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் இறக்கிவிடுகிற தார்ப்பாய்தான் உண்டு. மழை வந்தது. தார்ப்பாய் பாதியில் சிக்கிக்கொண்டது.

நாந்தி விமான நிலையத்தில் பூப்போட்ட சட்டைக்காரர்கள் மூன்று பேர் கிதார் வாசித்துப் பாடி வரவேற்றார்கள். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது, என் பெட்டி வரவில்லை. காதோரம் செம்பருத்தி செருகியிருந்த விசாரணை மேஜைப் பெண் "புலா" என்று வணக்கம் சொல்லி, பெட்டி நாளைக்கு வந்துவிடும் என்றாள். அப்படி ஒரு சிரிப்பு. சென்னையில் என்றால் பதிலுக்குச் சண்டையாவது போடுவார்கள், நமக்கும் மனசு ஆறும். இங்கே கோபத்தை யாரிடம் இறக்கி வைப்பது என்று தெரியாமல் கைப்பையோடு வெளியே வந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் எதற்கு அனுமதி கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் மென்பொருளை எங்கள் நிறுவனம் விற்கிறது. பெரிய சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. சாதாரண குமாஸ்தா ஒருவர் தனக்கு இல்லாத அதிகாரத்தை எந்த வழியிலாவது ஏறிப் பிடித்துவிட முடியுமா என்று பார்ப்பதுதான் அதில் முக்கியமான சோதனை. ஓட்டையைக் கண்டுபிடித்தால் மென்பொருளை எழுதியவர்களுக்கு என்னைப் பிடிக்காது. கண்டுபிடிக்காவிட்டால் வாங்கியவர்களுக்குப் பிடிக்காது.

லவுத்தோக்கா என்கிற துறைமுக ஊரில் மீனைக் குளிர்கிடங்கில் வைத்துக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்று எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. பெயர் வேண்டாம். அங்கே சங்கீதா என்கிற சம்பளக் குமாஸ்தா, ஜெனரல் மேனேஜரையே கணினிக்குள் வரவிடாமல் பூட்டிவிட்டாள். அவர் அப்போது ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருந்தார். துறைமுகத்தில் கப்பல் நின்றது. கப்பலேற்றும் அனுமதியை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்திருந்ததால் கண்டெய்னர்கள் ஏறவில்லை. கப்பல் போய்விட்டது, மீன் கெட்டது. திரும்பி வந்தவர் போலீசில் புகார் கொடுத்துவிட்டார்.

சென்னையில் என் மேலதிகாரி ரகுராமன் என்னை அழைத்து ஒரே வரியில் உத்தரவு போட்டார். "நம்ம மென்பொருள்ல தப்பில்லை, அந்தப் பொண்ணுதான் தப்பு பண்ணியிருக்கான்னு எழுதிட்டு வந்துடுங்க." முடிவு முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் எதற்கு அத்தனை தூரம் போகவேண்டும் என்று கேட்டேன். நேரில் போய்ச் சொன்னால்தான் வாடிக்கையாளருக்கு மரியாதை என்றார்.

தங்க இடம் வோட்டுவாலேவில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. பெட்டி வந்தால் எடுத்துக்கொள்ள வசதி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் பிரமிளா என்கிற அம்மாள், காலையில் ரொட்டியும் டின் மீன் குழம்பும் வைத்தார். டின் மீன் என்றதும் முகம் சுளித்தேன். இரண்டாவது ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் வீட்டுச் சமையலறை ஆணியில் இரண்டு சாவிக்கொத்துகள் தொங்கின. இடது பக்கத்து வீட்டுக்காரர்கள் முந்தைய ஆட்சிக்கவிழ்ப்பு முடிந்ததும் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்களாம். வலது பக்கம் இந்தத் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வான்கூவருக்கு. இரண்டு தோட்டத்துக்கும் இவர்தான் தண்ணீர் விடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வலது பக்கத்து வீட்டுக் காரைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கிறார், பேட்டரி செத்துவிடக் கூடாதாம். விற்றுவிடலாமே என்றேன். அவர்கள் வந்தால் எதில் போவார்கள் என்று திருப்பிக் கேட்டார். எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டார்.

லவுத்தோக்காவுக்குப் போகிற வழியில் கரும்பு ரயில் குறுக்கே வந்தது. ஊரைவிட்டுப் போக மனமில்லாதவன் மாதிரி தயங்கித் தயங்கி, ஒவ்வொரு பெட்டியாக, எங்கள் பேருந்துக்கு முன்னால் ஊர்ந்தது. அது கடந்து முடிந்ததும் கொஞ்ச தூரத்தில் ராணுவச் சோதனை. துப்பாக்கியோடு ஏறிய இளைஞன் ஒவ்வொருவருக்கும் "புலா" சொல்லிவிட்டு இறங்கினான். எனக்கும்தான். துப்பாக்கியும் புன்னகையும் ஒரே ஆளிடம் இருந்தால் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நேரமாகிறது. ஊருக்குள் நுழைந்ததும் சர்க்கரை ஆலையின் கருகிய வாசனை. மாற்றுத்துணி இல்லாததால் கடைவீதியில் பெரிய பெரிய பூப்போட்ட அங்கி ஒன்று வாங்கினேன். அந்தக் கோலத்தில்தான் விசாரணை அதிகாரியாகக் கம்பெனிக்குள் நுழைந்தேன்.

கீழே குளிர்கிடங்கில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். மாடியில் ஆபீஸ். கண்ணாடி அறைகள், கதவுகளில் பெயர்ப்பலகைகள், உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு நாற்காலியின் முதுகில் பெண்கள் போடும் நீல நிற ஸ்வெட்டர் தொங்கியது. கடைசி அறையில் மட்டும் மின்விசிறி ஓடியது. அங்கே ஜெனரல் மேனேஜர் கிருஷ்ண கவுண்டர் உட்கார்ந்திருந்தார்.

கவுண்டருக்கு அறுபது இருக்கும். பாட்டனாரின் அப்பா சென்னையில் கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவராம். ஆட்களிடம் ஹிந்தி, என்னிடம் ஆங்கிலம். தமிழ் கோயிலில் மட்டும். முருகன் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு முழுசாகப் பாடுவாராம், அர்த்தம் தெரியாதாம். அவர் பேசியதை எல்லாம் நான் தமிழில்தான் எழுதப் போகிறேன்.

அவர் கட்சி தெளிவாக இருந்தது. சங்கீதா நியூசிலாந்துக்குப் போக விரும்பினாள். வேலையிலிருந்து விடுவித்ததற்குச் சான்றிதழ் கேட்டாள். அவர் கொஞ்சம் பொறு என்றார். அந்தக் கோபத்தில், அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவரைப் பூட்டிப் பழிவாங்கிவிட்டாள். "சம்பளம் போடுற குமாஸ்தாவுக்கு என்னைப் பூட்டுற அதிகாரம் எப்படி வந்துச்சு? திருடித்தானே எடுத்திருக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரகுராமன் சொன்ன வரியை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த விமானம் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை, பதில் தெரியாத கேள்வியோடு என்னால் தூங்க முடியாது. அந்தப் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றேன். அவளைத் தற்காலிகமாக நீக்கி வைத்திருப்பதால் கம்பெனிக்குள் வரக்கூடாது, வேண்டுமானால் பா என்கிற அவள் ஊருக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

மறுநாள் பாவுக்குப் புறப்பட்ட பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்ன ஆரம்பித்தார். பயணிகள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் நடத்துநரைச் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்திருப்பார்கள். நான் மட்டும் எழுந்து, அடுத்த வண்டி எப்போது என்று கேட்டேன். வரும் என்றார். ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டி விற்ற ஒருவரிடம் இரண்டு வாங்கித் தின்று கோபத்தை அடக்கினேன். அவர் சொன்னது பொய்யில்லை, வண்டி வந்தது.

சங்கீதா தன் அப்பா வீட்டில் இருந்தாள். முன்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அப்பா சுப்பிரமணிக்குத் தமிழ் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் சென்னைப் பக்கம் பேசிய தமிழ்.

"வாங்கோ, குந்துங்கோ. மதராஸ்லேருந்தா வர்றீங்கோ? எங்க பாட்டன் ஏறின டிப்போ இன்னும் அங்கேயே கீதா?"

கப்பலேற்றுவதற்கு முன் கூலிகளை அடைத்து வைத்த இடத்தைக் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்றேன். மதராஸிலிருந்து வந்தவளுக்கு மதராஸ் தெரியவில்லையே என்று ஏமாற்றத்தோடு தேங்காய் ஓட்டில் கிராக் ஊற்றிக் கொடுத்தார். அது ஒரு வேரை இடித்துக் கரைத்த பானம். சேற்றுத் தண்ணீர் போல இருந்தது. குடித்ததும் நாக்கு மரத்துப்போய், கேட்க நினைத்த கேள்விகள் குழறின.

சங்கீதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். அப்பா பேசும் தமிழ் அவளுக்குப் பாதி புரியும், பேச வராது. என்னை அக்கா என்று ஹிந்தியில் கூப்பிடும் வழக்கப்படி தீதி என்றாள். மரவள்ளிக் கிழங்கும், ரோரோ என்று சொல்லும் சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த குழம்பும் வைத்தாள். பரிமாறிக்கொண்டே ஆங்கிலத்தில் தன் நிலைமையைச் சொன்னாள்.

கணவன் தச்சுவேலை செய்கிறவன், ஆக்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் எட்டு வயது மகளும் அவனோடு போய்விட்டாள். பின்னாலேயே போவதாக இருந்த சங்கீதாவின் காகிதங்களில், குற்றம் எதுவும் இல்லை என்கிற போலீஸ் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி, கவுண்டர் தராத சான்றிதழ் இல்லாமலே சமாளித்துவிடலாமாம். இந்த மாதக் கடைசிக்குள் அது போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் காலாவதி. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். புகார் இருக்கும்வரை சான்றிதழ் கிடைக்காது. மகள் தினம் சாயங்காலம் போன் செய்கிறாளாம். முன்பெல்லாம் எப்போது வருவாய் என்று கேட்பாள், இப்போது அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள் என்று சொல்லிவிட்டு, சங்கீதா கரண்டியைக் குழம்பிலேயே விட்டாள். 

என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்தான் என்னைக் கேட்டுச்சு, தீதி. பிரிஸ்பேன்லேருந்து யாரோ உள்ள வரப் பாக்குறாங்க, சந்தேகமா இருக்கு, தடுக்கலாமான்னு. பேர் இல்லை, ஒரு நம்பர்தான் இருந்துச்சு. சார் லீவுன்னு தெரியும், எங்க போயிருக்கார்னு தெரியாது. நான் சரின்னு அழுத்தினேன். திருடனை உள்ள விடலாமா?"

அந்தக் கேள்வி கம்பெனியின் தலைமைப் பொறுப்பாளருக்கு மட்டும் வரவேண்டிய கேள்வி. சம்பளக் குமாஸ்தாவின் திரையில் அது வருவதற்கு வழியே இல்லை. இது ஏன் நமக்கு வருகிறது என்று அவள் யோசிக்கவில்லையா என்று கேட்டேன். எல்லாமே தனக்குத்தான் வந்துகொண்டிருந்தது என்றாள். முதலில் அவளுக்கு மேலே இருந்த ஆள் சேர்ப்பு அதிகாரி கனடாவுக்குப் போனார், அவர் வேலை வந்தது. பிறகு கணக்குப் பிரிவுத் தலைவி சிட்னிக்குப் போனார், அதுவும் வந்தது. துணை மேனேஜர், கவுண்டரின் மகன், அவரும் பிரிஸ்பேனில் குடியேறிவிட்டார். போகும்போது ஒவ்வொருவரும் கேக் வெட்டிவிட்டு இவளிடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் பார்த்துக்கொண்டாள்.

"சரி, வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை எடுத்துவிட்டீர்கள்தானே?" என்றேன்.

அவள் அபசகுனமாக எதையோ கேட்டதுபோல என்னைப் பார்த்தாள். "யாரும் வேலைய விட்டுப் போகல, தீதி. எல்லாரும் லீவுல இருக்காங்க."

அவள் விளக்க விளக்க எனக்குத் தலை சுற்றியது, கிராக்கினால் மட்டும் அல்ல. முதல் ஆட்சிக்கவிழ்ப்பின்போது பயந்து ஓடியவர்களில் சிலர் சில மாதங்களில் திரும்பி வந்தார்களாம். அவர்கள் நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கம்பெனியை நடத்தியவர் கவுண்டரின் அப்பா. வாசலில் நின்றவர்களின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. நாட்டைவிட்டுப் போகிற யாரையும் போய்விட்டதாக எழுதக்கூடாது, சம்பளமில்லாத நீண்ட விடுப்பு என்றுதான் எழுதவேண்டும். அங்கே குடியுரிமை வாங்கி, வீடு வாங்கி, பேரன் எடுத்தவர்களும் இங்கே விடுப்பில்தான் இருக்கிறார்கள். பெயரை எடுத்தால் அவர்களுக்குக் காரியம் செய்ததுபோல ஆகிவிடும் என்று ஆபீசில் சொல்வார்களாம்.

அடுத்த நாள் வோட்டுவாலேவில் என் அறையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய அதிகாரம் தற்காலிகமாக அடுத்த படியில் இருப்பவருக்குப் போகும். நல்ல வசதிதான். அடுத்த படியில் இருப்பவரும் விடுப்பில் இருந்தால்? இதைச் சோதிக்க விளையாட்டுக்கு ஒரு கம்பெனி உருவாக்கினேன். தலைவராக எங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளரைப் போட்டேன். கடைசிப் படியில் தெருமுனை ஸ்கூட்டர் மெக்கானிக்கை, பெருக்குகிற வேலைக்கு. நடுவில் ரகுராமனையும் சேர்த்து மூன்று பேர். பிறகு ஒவ்வொருவராக விடுப்பில் அனுப்பினேன்.

சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. இணையமும் போயிற்று. பிரமிளா அம்மாள் விசிறியோடு வந்து, ஊருக்கே போயிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். மத்தியானம்தான் வந்தது. திரையைப் பார்த்தேன். மெக்கானிக் கம்பெனித் தலைவராக ஆகியிருந்தார்.

அதிகாரம் முதல் காலி நாற்காலியில் நிற்கவேண்டும். நிற்கவில்லை. அடுத்ததும் காலி என்றால் அதற்கும் கீழே, அதுவும் காலி என்றால் இன்னும் கீழே என்று, வழியில் கிடந்த அதிகாரங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு கடைசி ஆளின் மடியில் போய் விழுந்தது. கவுண்டர் பிரிஸ்பேனுக்கு மகனைப் பார்க்கப் போனபோது முறைப்படி விடுப்பு போட்டிருக்கிறார். அவருக்குக் கீழே மூன்று நாற்காலிகள் காலி. அதற்கும் கீழே இருந்த ஒரே உயிர் சங்கீதா. அவள் எதையும் திருடவில்லை. எல்லோரும் போய்விட்டதால் எல்லாம் அவள் தலையில் இறங்கியது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அப்படி அதிகாரம் கிடைத்த மெக்கானிக்கால் வேறு ஒருவரைத் தானே விடுப்பில் போடவும் முடிந்தது. கெட்ட எண்ணம் இருப்பவனுக்கு ஒரு படி காலியானால் போதும், மேலே இருப்பவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டு உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் மென்பொருளை வங்கிகளும் வாங்கியிருக்கின்றன. 

ரகுராமனுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேல இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்துல லீவுல இருக்கிற கம்பெனி எங்கம்மா இருக்கு?" என்றார்.

"லவுத்தோக்காவில இருக்கு சார்."

இது ஓட்டை இல்லை, அவர்கள் தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றார். ஒரு பெண் தன் குழந்தையைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றார். போனை வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை மாற்றாமல் நடந்ததை அப்படியே எழுதி, அவருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் கவுண்டருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். எங்கள் குழுவில் எனக்கு மரியாதை வைத்திருக்கும் இரண்டு பேர், யாரையும் கேட்காமல், ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை எழுத ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் பெட்டியும் வந்து சேர்ந்தது. உள்ளே ஷாம்பு கொட்டி அத்தனை துணியும் நுரைத்திருந்தது.

மறுநாள் கவுண்டர் முன்னால் மெக்கானிக்கைத் தலைவராக்கிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை காட்டச் சொன்னார். காட்டினேன். நீளமாக மூச்சு விட்டார். சங்கீதா மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படியானால் இன்றைக்கே போலீசில் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கைப்பையை எடுத்தேன்.

"புகாரை எடுத்தா அவ போயிடுவா, மேடம்" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கைப்பையைத் திரும்பக் கீழே வைத்தேன். இந்த மனுஷருக்கு அவள் குற்றவாளியா இல்லையா என்பதே பிரச்சினை இல்லை. அவள் போகக்கூடாது. மாடியில் மிச்சம் இருக்கும் ஒரே ஆள் அவள். புகார் இருக்கிறவரை அவளால் நாட்டைவிட்டு நகர முடியாது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அதற்குள் நிலைமை மாறும், அவளே மனசு மாறி வேலைக்கு வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே போனார். சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கிறாராம். மேனேஜர் பதவிகூடத் தருகிறாராம். அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை, அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

"உங்க மகன் போனப்போ போலீஸ்ல சொல்லிப் பிடிச்சு வெச்சீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்காமல் கீழே இறங்கி வந்தேன்.  சங்கீதாவுக்குப் போன் செய்து என்ன சொல்வது என்று தெரியாமல், கடலை மறைத்த துறைமுகச் சுவரோரம் நின்று எலுமிச்சை ஜூஸ் குடித்தேன். அதில் உப்பு போட்டிருந்தார்கள். அதற்கும் கோபம் வந்தது.

கடைசி நாள் காலையில் திருத்தம் சென்னையிலிருந்து வந்தது. போட்டேன். அதிகாரம் இனிமேல் முதல் காலி நாற்காலியைத் தாண்டிக் கீழே போகாது. போட்ட அரை மணி நேரத்தில் கம்பெனி நின்றுவிட்டது. கிடங்குக் கதவைத் திறக்க அனுமதி, டீசல் வாங்க அனுமதி, ஆட்களுக்கு ஓவர்டைம் என்று எல்லாக் கோரிக்கைகளும் போய் ஆளில்லாத நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டன. இத்தனை நாளும், அவளை நீக்கிவைத்த பிறகும்கூட, அவை யாருக்கும் தெரியாமல் சங்கீதாவின் போனில் இறங்கி, அவள் கையால் நடந்திருக்கின்றன.

கவுண்டர் என்னைக் கூப்பிட்டார். என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். விடுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் திரும்பி வருவார்களா, போய்விட்டார்களா என்று திரையில் சொல்லவேண்டும். போய்விட்டார் என்று சொன்னால்தான் அந்த நாற்காலி நீங்கி வேலை உங்களிடம் வரும் என்றேன்.

"நீங்களே செஞ்சுடுங்களேன். இல்லை, கீழேருந்து யாரையாவது கூப்பிடுறேன்."

"முடியாது சார். அந்த ஓட்டையைத்தான் இப்ப அடைச்சிருக்கேன். உங்களால மட்டும்தான் முடியும்."

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் பெயர் ஆள் சேர்ப்பு அதிகாரியுடையது. நல்ல கால்பந்து ஆட்டக்காரர் என்று என்னிடம் சொன்னார். போய்விட்டார் என்பதை அழுத்தினார். அடுத்தது கணக்குப் பிரிவுத் தலைவி. வெளியே நாற்காலியில் தொங்கும் நீல ஸ்வெட்டர் அவருடையதாம், குளிர்பதனம் ஒத்துக்கொள்ளாதாம். அழுத்தினார். மூன்றாவது அவருடைய மகன் பெயர். அவர் கையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். கீழே டீசலுக்காக லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.  அத்தனை நாள் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"பிரிஸ்பேன்ல மூணு நாள் கேட்டேன், மேடம். வந்துடுறியான்னு. அப்பா, நான் இங்க வீடு கட்டிட்டிருக்கேன்னு சொன்னான்."

அழுத்தினார். எழுந்து கார் சாவியை எடுத்தார். போலீஸ் நிலையம் போகலாம் என்றார்.

அங்கே இருந்த அதிகாரி, தான் தற்காலிகப் பொறுப்பு அதிகாரிதான் என்றார். அவருக்கு மேலே இருந்தவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்களாம், அந்த இடத்துக்கு வந்தவரும் பொறுப்புதானாம். எங்கள் தாலுகா அலுவலகங்களின் பெயர்ப்பலகைகள் ஞாபகம் வந்தன. அதனாலேயோ என்னவோ, என் விளக்கத்தை அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார். நான் உலகத்தில் இதுவரை விளக்கியவர்களில் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் கிடையாது. கவுண்டர் கையெழுத்துப் போட்டார். சான்றிதழுக்குச் சங்கீதா நாளைக்கே வரலாம் என்றார் அதிகாரி. நிலைய வாசலில் நின்று அவளுக்குப் போன் செய்தேன்.  மறுமுனையில் அவள் அப்பாவிடம் ஹிந்தியில் எதையோ சொல்லி அழுவது கேட்டது.

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆபீசுக்குத் திரும்பி வந்தோம். கவுண்டர் திரையின் முன்னால் உட்கார்ந்தார். அவர் பெயருக்குக் கீழே இப்போது சங்கீதாவின் பெயர் மட்டும் இருந்தது.

"இதை மட்டும் நீங்க எடுத்துடுங்க, மேடம்" என்றார். "என்கிட்ட விட்டா லீவுன்னு போட்டுடுவேன்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லை சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போய்விட்டார் என்பதை அழுத்தினார். திரையில் கவுண்டரின் பெயர் மட்டும் நின்றது.